மஞ்சள் மை

மஞ்சள் மை தீந்துபோச்சு, சார்.
வரைவு முழுமைத் திட்டம், ஆறடித் தாள்,
நாலு பிரதி கேட்டிருந்தீங்க.
மூணாவது ஓடும்போது
எந்திரம் கீச்சுன்னு நின்னது
சரியாச் சிறுகண்ணிகுளத்துக்கு மேல வந்து.

கொக்கிரகுளத்துல, கலெக்டர் ஆபீசுக்கு எதுத்தாப்புல
பதினோரு வருசமா
ஊரைச் சுருட்டி ரப்பர் போட்டுக் குடுக்கேன்.
படத்தைப் படிக்கது என் வேலை இல்ல.
மை வார வரைக்கும் வேற வேலையும் இல்ல.

குடியிருப்பு மஞ்சள், வயல் பச்சை,
ஆலைக்கு ஊதா, வியாபாரத்துக்கு நீலம்.
நீலம் அங்க போயிட்டதால
தண்ணிக்கு என்ன நிறம்னு தேடிப் பாத்தேன்.
மடைக்குக் கீழே, பிசானம் விளைஞ்ச நன்செய்ல
கல்லு ஊணி, கலர் கொடி கட்டி
ஆள் ஏறாத இருநூறு மனை.
மஞ்சள் பூராவும் அங்கதான் கொட்டியிருக்கு.
மார்கழி வெள்ளத்தன்னைக்கு
கல்லு ஒண்ணும் தெரியல.
கொடி மட்டும் தண்ணிக்கு மேல ஆடிக்கிட்டு நின்னுது.

எங்க சந்து, மீனாட்சிபுரத்துக்குப் பின்னால,
உங்க படத்துல என் சுண்டுவிரல் நகத்தளவு.
அதுவும் மஞ்சள்தான். மேல ஏறக் கூடாத மஞ்சள்.
ஒண்ணேகால் செண்டு.
மொட்டைமாடில ஒரு ரூம்பு போட்டு
தம்பி முப்பிடாதிக்குக் குடுக்கலாம்னு மனுப் போட்டேன்.
பக்கத் திறவிடம் எங்கேன்னு கேட்டாவ.
கார் நிறுத்த இடம் காட்டுன்னாவ.
எங்க சந்துல கார் நுழைஞ்சா
கதவைத் திறந்து இறங்க முடியாது, சார்.
அவங்கிட்ட இருக்கது ஒரு சைக்கிள்,
அதையும் ராத்திரி கட்டிலோரம் சாய்ச்சு வைப்பான்.
வராத காருக்கு இடம் வேணுமாம்.
வந்து நிக்க தம்பி
மானூருக்கு அங்கிட்டு வாடகைக்குப் போயிட்டான்.
வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரில ராத்திரி ஷிப்ட்டு.
பஸ்சுக்கு மாசம் ஆயிரத்து முன்னூறு;
பஸ்சு தவறுனா ஜங்ஷன் பெஞ்சு.

மகராஜ நகர்ல வீடு பாத்தோம். பாக்காம இல்ல.
டூலெட் போர்டுக்கு அடியில
பொடி எழுத்துல ‘சைவம் மட்டும்’.
மேலப்பாளையத்து ரஹ்மத் பீவி
நாலு போர்டு பாத்துட்டு
அஞ்சாவதுக்கு நிமிந்தே பாக்கலன்னா.
அந்தப் பொடி எழுத்துக்கு உங்க படத்துல கோடு கிடையாது.
தெருவில இருக்கு.

பத்து செண்டுக்காரர் ஆறுமுகநயினார்
போன வாரம் ஒரு ஆட்சேபணை கொண்டாந்தாரு.
மாடி கூடுனா காத்து நிக்கும், தண்ணி பத்தாது,
தெருவோட லட்சணம் கெட்டுப்போவும்.
முப்பது பிரதி. ரெண்டு ரூவா வீதம் நாந்தான் எடுத்துக் குடுத்தேன்.
தண்ணி பத்தாதுங்கது நெசம்தான், சார்.
ஆனா அதே சனம் குளத்துக்குள்ள குடிபோனாலும்
அதே ஆத்துத் தண்ணியத்தான் குடிக்கும்.
குழாய் மட்டும் எட்டு மைல் நீளும்.
அதுக்கு ரோடு, ரோட்டுக்கு லைட்டு,
அம்புட்டும் எங்க வரியும் சேந்துதான.

ஒண்ணேகால் செண்டுக்காரி மேல ஒரு தளம் போடட்டும்.
கார் கணக்கைச் சந்துக்குள்ள கொண்டு வராதீங்க.
ஜங்ஷன் பக்கம் பூட்டிக் கெடக்க குடோனுங்க
படத்துல இன்னும் ஊதாதான்;
அங்க எலி ஓடுதத நான் பாத்திருக்கேன்,
ஆலை எதுவும் ஓடல.
மூணு மாடி, சின்னச் சின்ன வீடு, வாடகைக்கு.
ஷிப்ட்டு முடிஞ்சவன் நடந்தே போயி உறங்குத தூரம்.
குளத்தைக் குளமாவே விட்டுருங்க.

இதெல்லாம் எழுதத் தெரியாம ரெண்டு தாள் கிழிச்சாச்சு.
ஆட்சேபணைக்குக் கடைசித் தேதி நாளன்னைக்கு.

மை மதுரையில இருந்து காலைல வந்துட்டு.
உங்க நாலு பிரதியும் ரெடி, நிறம் குறைவில்லாம.
ஃபைல்ல இருக்கதத்தான் எந்திரம் அடிக்கும்.
பாதியில நின்ன தாளக் கிழிக்க மனசு வரல,
இதோட இணைச்சிருக்கேன்.
சிறுகண்ணிகுளம் வெள்ளையா இருக்கு, பாத்துக்கிடுங்க.
அதுக்குப் பில் போடல.

இப்படிக்கு
மு. பிரம்மசக்தி